"எழுத ஒண்ணுமே இல்ல மிஸ்" என்று குழந்தை சொன்னால்

"உன் வாழ்வில் மறக்க முடியாத நிகழ்ச்சியை எழுது." மூன்றாம் வகுப்பில் பல வருடம் நானும் இப்படித்தான் கேட்டேன். விமானம் ஏறிய பிள்ளை, கொடைக்கானல் போன பிள்ளை உடனே எழுதத் தொடங்கும். எங்கும் போகாத பிள்ளைகள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார்கள். கேள்வியைப் பெரிதாகக் கேட்டதுதான் தவறு. 8 வயதில் 'வாழ்வு' என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்? முழங்காலில் இருக்கும் அந்தத் தழும்பு எப்படி வந்தது, போன தடவை கரண்ட் போனபோது வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

"எனக்கு எழுத ஒண்ணுமே இல்ல மிஸ்" என்றாள் ஒரு சிறுமி. பேசும்போது முன்பல்லைக் காணோம். "பல்லு எப்ப விழுந்துச்சு?" என்றேன். இட்லி சாப்பிடும்போது விழுந்ததாம். சாணியில் பொதிந்து கூரைமேல் எறியச் சொன்னாராம் ஆச்சி. இவர்கள் இருப்பதோ மூன்றாவது மாடி வாடகை வீடு. சாணிக்கு எங்கே போவது? ஊருக்குப் போகும்போது எறியலாம் என்று பல்லைத் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். "அதுவரைக்கும் புதுப் பல்லு முளைக்காதா மிஸ்?"

"சூப்பர், இதையே எழுது" என்று அப்போதே நோட்டை நீட்டிவிடக் கூடாது. எழுத்துக்கூட்டுகிற கவலையில் கதை பாதியில் நின்றுவிடும். பக்கத்துப் பிள்ளையிடம் ஒருமுறை சொல்லச் சொன்னேன். தீப்பெட்டியைக் காதருகே ஆட்டினால் 'கடகட' என்று கேட்கும் என்பது அப்போதுதான் வந்தது. என்னிடம் சொன்னபோது அது இல்லை. அப்புறம் ஒரு படம் வரைந்தாள். அதன் பிறகுதான் எழுத்து.

முன்னுரை, முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் போட்டுக் கொடுப்பது பரீட்சைக் கட்டுரைக்குச் சரி. சொந்தக் கதைக்கு அதைக் கொடுத்தால், கடைசியில் 'எனவே பற்களைப் பேணிக் காப்போம்' என்று முடித்துத் தருவார்கள். தீப்பெட்டி காணாமல் போய்விடும்.

'ஆச்சி சொன்னாங்க' என்பதைப் 'பாட்டி கூறினார்' என்று மாற்றுவதும் வேண்டாம். அவளுக்கு அவர் ஆச்சிதான். ல, ள, ழ திருத்தமெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். போட்டிக்காக அம்மா அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது பிள்ளையின் கதையே அல்ல.

இன்னொன்றில் கவனமாக இருங்கள். சின்னக் கேள்வி கேட்டால் சில நேரம் வீட்டுச் சண்டையும் வெளியே வரும். அதைத் தோண்டாதீர்கள். காதுகொடுத்துக் கேளுங்கள். பிள்ளையைக் கேட்காமல் வகுப்பில் வாசிக்க வைக்காதீர்கள். மனதை உறுத்துகிற மாதிரி ஏதாவது சொன்னால், தலைமையாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள்.

ஞாபகம் வருவதையெல்லாம் ஒரு வரியாகக் குறித்துவைக்க நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கச் சொன்னேன். அந்தச் சிறுமியின் பக்கத்தில் இப்போது இருப்பவை: 'ஆடுற பல்லு 2', 'அப்பா வண்டி பஞ்சர்', 'பூனை எங்க போச்சு'.