யாரிடமிருந்து மறைக்கிறோம்? அன்றாட விபிஎன் பயன்பாட்டுக்கு ஒரு வழிகாட்டி

விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாக மறைத்து அனுப்பும் வசதி) ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, யாருடைய கண்ணில் படக்கூடாது என்று நினைக்கிறீர்கள் என்பதைத்தான். அலுவலகம் கட்டாயப்படுத்துவதால் பயன்படுத்துகிறவர், ரயில் நிலைய வைஃபையில் அமர்ந்திருப்பவர், ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் கேமராவைப் பார்க்க விரும்புகிறவர், அரசு முடக்கிய தளத்தைத் திறக்க முயல்கிறவர் ஆகிய நால்வருக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும், நால்வரும் செய்ய வேண்டியது வேறு வேறு. காரணம் தெளிவானால் எதை நிறுவுவது, எப்போது இயக்குவது, எப்போது அணைப்பது என்பவை தாமாகவே தெளிவாகும்.

முதலில், அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்வோம். கடிதம் ஒன்றை உறையிலிட்டு ஒட்டி, அந்த உறையை இன்னொரு பெரிய உறைக்குள் வைத்து, வெளியூரில் இருக்கும் நண்பரின் முகவரியை எழுதித் தபாலில் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். நம்மூர்த் தபால்காரருக்கு நண்பரின் முகவரி மட்டுமே தெரியும். நண்பர் வெளியுறையைப் பிரித்து உள்ளுறையைத் தம் ஊரிலிருந்து அனுப்பிவைப்பார். பெறுகிறவர் காண்பது அந்த ஊரின் முத்திரையைத்தான். அதேபோல, நம் கைப்பேசிக்கும் விபிஎன் சர்வருக்கும் இடையே செல்லும் அனைத்தும் மறையாக்கம் செய்யப்படுவதால், அதாவது பிறர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றப்படுவதால், இணையச் சேவை நிறுவனத்துக்கு உள்ளடக்கம் தெரிவதில்லை. நாம் பார்க்கும் தளத்துக்கோ நம் ஐ.பி. முகவரிக்கு (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பதிலாக அந்த சர்வரின் முகவரி தெரிகிறது. ஆனால் நாம் யாருக்கு எழுதுகிறோம் என்பது அந்த நண்பருக்கு நன்றாகவே தெரியும். இதுவரை இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது இனி விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும் என்பதே இங்கு நிகழும் மாற்றம்.

பொது வைஃபை

பெரும்பாலோர் சொல்லும் காரணம் இதுதான். விளம்பரங்கள் மிகைப்படுத்துவதும் இதைத்தான். சென்னை எழும்பூர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது வங்கியின் தளத்தைத் திறக்கிறீர்கள் என்று கொள்வோம். தளத்தின் முகவரி எச்டிடிபிஎஸ் (https) என்று தொடங்குமானால், கடவுச்சொல்லும் கணக்கு எண்ணும் உங்கள் உலாவியிலேயே மறையாக்கம் ஆன பிறகுதான் வெளியேறுகின்றன. வைஃபையை நடத்துகிறவர் காணக்கூடியது, எந்தத் தளத்தை எந்த நேரத்தில் நாடினீர்கள், ஏறத்தாழ எவ்வளவு தரவு போய்வந்தது என்பதே. முன்பு நிலைமை வேறாக இருந்தது. 2010 இல் ஃபயர்ஷீப் என்ற உலாவி நீட்சி வெளியானபோது, ஒரே காப்பிக்கடையின் திறந்த வைஃபையில் இருக்கும் இன்னொருவரின் ஃபேஸ்புக் கணக்கிற்குள் ஒரு சொடுக்கில் நுழைய முடிந்தது. அதன் பிறகு பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டன. விளம்பரங்கள் மட்டும் இன்றும் 2010 ஆம் ஆண்டின் அச்சத்தையே விற்றுக்கொண்டிருக்கின்றன.

ஆகவே பொது வைஃபையில் விபிஎன் தரும் பயன், நீங்கள் பார்க்கும் தளங்களின் பெயர்களை மறைப்பதும், வேறு எவரோ அதே பெயரில் விரித்துவைத்த போலி வைஃபையில் தவறி இணைந்தாலும் பாதுகாப்பு குறையாமல் இருப்பதும்தான். நடைமுறையில் ஒரு சிக்கல் வரும்: இத்தகைய வைஃபைகள் முதலில் கைப்பேசி எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்கும் ஒரு பக்கத்தைக் காட்டும். விபிஎன் இயங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கமே திறக்காது. எனவே விபிஎன்னை அணைத்து, உள்நுழைந்து, அதன் பின் மீண்டும் இயக்க வேண்டும். இயக்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தத் தளத்தின் சான்றிதழ் சரியில்லை என்று உலாவி எச்சரித்தால், பரவாயில்லை என்று தொடரக் கூடாது.

அலுவலக விபிஎன்

2020 ஊரடங்கின்போது வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கிய பலருக்கு விபிஎன் என்ற சொல்லே அப்போதுதான் அறிமுகமானது. இதை அலுவலகமே நிறுவித் தரும்; தேர்வு செய்ய எதுவும் இல்லை. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு: அமைப்பைப் பொறுத்து, அது இயங்கும் நேரத்தில் நீங்கள் வேலை தேடும் தளத்தைப் பார்த்தாலும் மருத்துவ அறிக்கையைத் திறந்தாலும் அந்தப் போக்குவரத்து முழுவதும் அலுவலகத்தின் வழியாகவே செல்லக்கூடும். சொந்த வேலைகளைச் சொந்தக் கைப்பேசியில் வைத்துக்கொள்வதே நல்லது.

வீட்டை நாடும் வழி

என்னைக் கேட்டால், சாதாரணக் குடும்பத்துக்கு விபிஎன் தரும் மிகப் பெரிய பயன் இதுதான்; ஆனால் இதை விற்க யாரும் இல்லாததால் அதிகம் பேசப்படுவதில்லை. ஊரில் உள்ள வீட்டின் கேமராவையோ அங்குள்ள கணினியில் இருக்கும் கோப்புகளையோ வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்றால், கேமரா பொருத்த வருகிறவர் பெரும்பாலும் ரவுட்டரில் ஒரு போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவிட்டுப் போய்விடுவார். அப்போது உங்களுக்குத் தெரியும் அந்தக் கேமரா உலகம் முழுவதற்கும் தெரியும். 2016 இல் மிராய் என்ற தீநிரல் பரவியது இப்படித்தான்; தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லையே மாற்றாமல் இணையத்தில் நின்ற கேமராக்களையும் அவற்றின் காட்சிகளைப் பதிவுசெய்யும் டிவிஆர்களையும் அது வளைத்துப்போட்டு, அவற்றைக் கொண்டே பெரிய தளங்களை முடக்கியது.

இதற்கு மாற்று, வீட்டு ரவுட்டரிலேயே ஒரு விபிஎன் சர்வரை இயக்குவது. இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறைக்கான (இணைப்பை அமைக்கும் விதிமுறை) வசதி உண்டு. 2020 மார்ச்சில் வெளியான, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் 5.6 இலேயே இடம்பெற்றுவிட்ட இது, பழைய நெறிமுறைகளைவிடச் சிறியது, வேகமானது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வயர்கார்டை இயக்கி, உங்கள் கைப்பேசிக்கென ஒரு கணக்கை உருவாக்கினால், ஒரு க்யூஆர் கோடு திரையில் தோன்றும். கைப்பேசியில் வயர்கார்டு செயலியை நிறுவி அந்தக் கோடை வருடினால் இணைப்பு தயார். அனுமதிக்கப்பட்ட முகவரிகள் என்ற இடத்தில் வீட்டு வலையமைப்பின் முகவரிகளை மட்டும், பெரும்பாலும் 192.168.1.0/24 என்று, கொடுத்தால் கேமராவுக்கான தரவு மட்டும் விபிஎன்னில் செல்லும். மற்றவை வழக்கம்போல் செல்லும். அதன் பிறகு, திறந்துவைத்த பழைய போர்ட்டை மறக்காமல் மூடிவிடுங்கள்.

இந்த முறை எல்லா வீட்டிலும் உடனே வேலை செய்யாது. ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி ஐ.பி. முகவரியையும், என் ஐ.பி. என்ன என்று தேடும்போது இணையம் காட்டும் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டர் காட்டுவது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் இணையச் சேவை நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். வெளியிலிருந்து அந்த முகவரி வழியாக நேராக உள்ளே வர முடியாது. அப்போது மாதக் கட்டணம் செலுத்தி நிலையான ஐ.பி. முகவரி கேட்டுப் பெறலாம். அல்லது வயர்கார்டை அடிப்படையாகக் கொண்டு இந்தத் தடையைத் தாண்டித் தரும் டெயில்ஸ்கேல் போன்ற சேவையைப் பயன்படுத்தலாம்.

முடக்கப்பட்ட தளங்கள்

இலங்கையில் விபிஎன் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லானதற்குக் காரணம் அரசின் தடைகளே. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்து வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3 அன்று பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின் நடுவிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் மக்கள் விபிஎன்னைத் தேடி ஓடினார்கள். ஓடிய வேகத்தில் கண்ணில் பட்ட முதல் இலவசச் செயலியை நிறுவுவதுதான் ஆபத்து. இத்தகைய தேவை வரக்கூடும் என்று எண்ணுகிறவர், அமைதியான நாளிலேயே நம்பகமான ஒன்றைத் தேர்ந்து நிறுவிச் சோதித்து வைத்துக்கொள்ள வேண்டும். தடை வரும் நாளில் விபிஎன் நிறுவனத்தின் தளமும் சேர்த்தே முடக்கப்பட்டிருக்கலாம். இணைப்பே முழுமையாகத் துண்டிக்கப்பட்டால் விபிஎன்னால் பயனில்லை. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிகழ்ந்தது அத்தகைய துண்டிப்பு. 2020 ஜனவரியில் 2ஜி திரும்பி, அனுமதிக்கப்பட்ட தளங்கள் மட்டும் திறந்தபோதுதான் அங்கு விபிஎன்னுக்கு வேலை வந்தது.

வளைகுடாவில் இருப்போர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாததால், வீட்டுக்குப் பேச விபிஎன் போடுகிற நம்மவர் பலர். அங்கே விபிஎன் வைத்திருப்பது மட்டுமே குற்றமாகாது. நிறுவனங்களும் வங்கிகளும் பயன்படுத்துகின்றன. ஆனால் குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐ.பி. முகவரியை மாற்றினால், 2021 இல் இயற்றப்பட்ட இணையக் குற்றச் சட்டத்தின்படி சிறைத் தண்டனையும் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அங்கு அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில் பேசுவதே மனநிம்மதி.

விபிஎன் செய்யாதவை

கூகுள் கணக்கில் உள்நுழைந்தபடியே நெதர்லாந்து சர்வருக்கு மாறினால், நெதர்லாந்திலிருந்து நீங்கள் தேடுகிறீர்கள் என்று கூகுளுக்குத் தெரியும், அவ்வளவுதான். குக்கிகள், உலாவியின் அடையாளங்கள், செயலிகளுக்கு நீங்களே தந்த இருப்பிட அனுமதி எல்லாம் அப்படியே இருக்கும். பரிசு விழுந்தது என்று வரும் போலி இணைப்பைத் தொட்டு ஓ.டி.பி.யைத் தந்தால் எந்த விபிஎன்னும் காப்பாற்றாது. வங்கிச் செயலிகளைத் திறக்கும் முன் வெளிநாட்டு சர்வரை அணைத்துவிட வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன்: அணைக்க மறந்து செயலியைத் திறந்ததில், சந்தேகத்துக்குரிய நுழைவு என்று கணக்கு நிறுத்தப்பட்டு, கிளையின் வரிசையில் ஆதார் அட்டையோடு ஒரு முற்பகல் முழுவதும் நின்றேன்.

தேர்வு செய்யும் முறை

இலவச விபிஎன்னைக் காணும்போது, சர்வர்களுக்கான வாடகையை யார் கட்டுகிறார் என்று கேளுங்கள். ஃபேஸ்புக் 2013 இல் வாங்கிய ஓனாவோ என்ற இலவச விபிஎன், பயனர்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலை அந்நிறுவனத்துக்குச் சேர்த்துத் தந்தது. 2018 இல் ஆப்பிளின் கடையிலிருந்து அது அகற்றப்பட்டது. கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்களின் வருமானத்தில் இலவசச் சேவையும் வழங்கும் புரோட்டான் போன்ற விதிவிலக்குகள் உண்டு.

பதிவுகள் எதையும் வைப்பதில்லை என்று எல்லா நிறுவனங்களும் சொல்லும். சோதனை வந்தபோது என்ன ஆயிற்று என்று பாருங்கள். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் காவல்துறை முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குத் தேடுதல் ஆணையோடு சென்று, வாடிக்கையாளர் தகவல் எதுவும் அங்கு இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. மாறாக, இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. முகவரி முதலியவற்றை விபிஎன் நிறுவனங்கள் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. அதையொட்டி எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றின. ஆகவே பட்டியலில் இந்தியா என்று காட்டினாலும், அந்த இயந்திரம் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கலாம். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவதற்குப் பொதுவான தடை இல்லை. ஆனால் அரசு ஊழியர்கள் வெளியார் விபிஎன்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022 இல் வழிகாட்டுதல் வந்திருக்கிறது.

இயக்கிச் சோதித்தல்

செயலியை நிறுவும் முன் உங்கள் ஐ.பி. முகவரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவிய பின், நாட்டைப் பற்றிக் கவலை இல்லையென்றால் அருகில் உள்ள சர்வரையே தேர்ந்தெடுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்வருவதைவிட நியூயார்க்குக்குப் போய்வரத் தரவுக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும், வீடியோ அழைப்பில் அது உடனே தெரியும். ஆண்ட்ராய்டில் இணைப்பு ஏற்பட்டதும் திரையின் மேல்பட்டையில் சிறிய சாவிச் சின்னம் தோன்றும். பிறகு அமைப்புகளில் நெட்வொர்க் பகுதியில் உள்ள விபிஎன் பக்கத்துக்குச் சென்று, செயலியின் பெயருக்கு அருகில் உள்ள பற்சக்கரத்தைத் தொட்டால், எப்போதும் இயங்கும் விபிஎன் என்ற தெரிவும், விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் தெரிவும் இருக்கும். இரண்டையும் இயக்கினால், விபிஎன் நடுவில் அறுந்தாலும் கைப்பேசி வேறு வழியாகத் தரவை அனுப்பாது. பொது வைஃபையில் உள்நுழையும் பக்கம் திறக்காமல் தொல்லை தருவதும் இதே தெரிவுதான் என்பதால், அப்போது மட்டும் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கும்.

இனி ஐ.பி. முகவரியை மீண்டும் பாருங்கள். முன்பு குறித்ததிலிருந்து மாறியிருக்க வேண்டும். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் சேவை) கசிவுச் சோதனைத் தளம் ஒன்றைத் திறந்து, அங்கே உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வந்தால், நீங்கள் தேடும் தளங்களின் பெயர்கள் இன்னும் அந்த நிறுவனத்துக்கே போய்க்கொண்டிருக்கின்றன. ஐ.பி.வி6 (ஐ.பி. முகவரியின் புதிய, நீண்ட வடிவம்) முகவரி பழையதாகவே இருந்தாலும் கசிவு உண்டு என்றே பொருள். செயலியின் அமைப்பில் அதற்கான தெரிவு இல்லையென்றால் வேறு செயலிக்கு மாறுங்கள்.

கட்டணத்தில், மூன்றாண்டுத் திட்டத்தின் மலிவைக் கண்டு மயங்காமல் ஒரு மாதத்துக்கு மட்டும் செலுத்திப் பாருங்கள். முதல் தவணை குறைவாகவும் புதுப்பிக்கும் தவணை இரண்டு மடங்காகவும் இருப்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஆகவே பணம் செலுத்திய அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவைத்துவிட்டு, மாத முடிவில் அதை எத்தனை நாள் உண்மையிலேயே இயக்கினீர்கள் என்று எண்ணிப் பார்த்த பின் அடுத்த தவணையைக் கட்டுங்கள்.