நாட்டுக்கோழி முட்டை நம் வீட்டிலேயே கெடுவது எப்படி?

சித்திரை வெயிலில் ஊருக்குப் போனால் இது நடக்கும். வந்தவர்களுக்கு ஆம்லெட் போட அத்தை முட்டையை உடைப்பார். மஞ்சள் கருவின் மேல் சிவப்பாக நரம்பு ஓடியிருக்கும். "நேத்துதானே எடுத்தேன்" என்பார். நேற்று எடுத்தது உண்மைதான். அதற்கு முன் எத்தனை நாள் கூடையில் கிடந்தது, எத்தனை கோழி மாறி மாறி அதன்மேல் உட்கார்ந்தது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

என் அனுபவத்தில் கிராமத்து முட்டை கெடுவதற்கு முதல் காரணம் இதுதான். சேவலோடு திரியும் கோழியின் முட்டைக்குள் கரு இருக்கும். அடைக்கோழியின் சூடு ஏறக்குறைய 37 டிகிரி. அந்தச் சூட்டில் மூன்றே நாளில் ரத்த நாளங்கள் கண்ணுக்குத் தெரியும். கோழி உட்காராவிட்டாலும் நம் ஊர்க் கோடை வெப்பமே கருவை அரைகுறையாகக் கிளப்பிவிடும். அது முழுதாக வளராமல் செத்துப்போய் முட்டை கூமுட்டையாகும். பெரும்பாலான கோழிகள் உச்சிப்பொழுதுக்கு முன்பே முட்டையிட்டுவிடும். அதனால் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் எடுத்தால் கோழி இடம் மாறிவிடும் என்பது நியாயமான பயம். கூடையில் கரிக்கோடு போட்ட பழைய முட்டை ஒன்றையோ, முட்டை வடிவ வெள்ளைக்கல்லையோ விட்டுவைத்தால் போதும்.

விற்கவும் சாப்பிடவும் மட்டும்தான் முட்டை என்றால் சேவலே வேண்டாம். சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் நன்றாகவே இடும், குஞ்சுதான் பொரிக்காது. சேவலைப் பிரித்த பிறகும் சுமார் இரண்டு வாரத்துக்குக் கருவுள்ள முட்டை வரலாம்.

அடுத்தது கழுவுவது. சுத்தமாகத் தெரியட்டும் என்று குளிர்ந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி அடுக்குகிறோம். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடியிருக்கும் மெல்லிய படலம் தேய்த்தால் போய்விடும். முட்டையைவிடத் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் மேலுள்ள அழுக்கை உள்ளே இழுக்கும். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடையுங்கள். எச்சம் அப்பிய முட்டையைச் சமைக்கும் நேரத்தில் கழுவி, உடனே பயன்படுத்திவிடுங்கள். முட்டையில் எச்சம் படுவதற்குக் காரணம் பெரும்பாலும் கூடை இருக்கும் இடம். கோழி இரவில் அடையும் இடத்துக்குக் கீழேயே முட்டைக்கூடை இருந்தால் வேறென்ன ஆகும்? கூடையைத் தள்ளி வையுங்கள், வைக்கோலை அடிக்கடி மாற்றுங்கள்.

தண்ணீரில் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனைதான். முட்டைக்குள் காற்றறை நாளுக்கு நாள் பெரிதாவதால் பழசு மிதக்கும், புதுசு படுத்துக்கொள்ளும். ஆனால் இதில் முட்டையின் வயது மட்டும்தான் தெரியும், கிருமி இருக்கிறதா என்பது தெரியாது. அப்புறம், நனைத்த முட்டையைத் திரும்ப எடுத்து வைக்காதீர்கள். சேமிக்கும்போது அகன்ற முனை மேலே இருக்கட்டும், அடுப்புப் பக்கத்து அலமாரி வேண்டாம்.

தீவனத்தில் நாம் செய்யும் பிழை வேறு மாதிரி. குருணை, மிச்சச் சோறு, அதோடு சரி. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அது இல்லாத குறைதான். கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதுவும் தீர்ந்தால் கெட்டி ஓடில்லாத தோல்முட்டை வரும். கிளிஞ்சலை நொறுக்கித் தனிச்சட்டியில், குறிப்பாகச் சாயங்காலம், வையுங்கள். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. தீவனத்தில் கலக்க வேண்டாம், குஞ்சுகளுக்கு அவ்வளவு கால்சியம் ஆகாது. முட்டையோட்டைக் கொடுப்பதானால் வறுத்துப் பொடியாக்கியே கொடுங்கள். முழு ஓடாகப் போட்டால் சொந்த முட்டையையே கொத்தித் தின்னப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை விடவைப்பது பெரும்பாடு. பூஞ்சை பிடித்த சோளமும் கடலைப் புண்ணாக்கும் கோழிக்குத்தானே என்று போடுவதும் கூடாது, பூஞ்சையின் நஞ்சு முட்டைக்கும் வரலாம்.

கோழி தூங்கி விழுந்தால் மருந்துக்கடையில் மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலை வாங்கிப் பிரித்துச் சோற்றில் கலக்கும் வழக்கமும் உண்டு. கோழி தூங்குவது வெள்ளைக்கழிச்சலால் என்றால் அது வைரஸ் நோய், அந்தக் கேப்ஸ்யூல் அதைத் தொடாது. ஆனால் முட்டையில் மருந்தின் மிச்சம் சேரும், அதைப் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசியை முன்கூட்டியே கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து கொடுக்க நேர்ந்தால் எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

மஞ்சள் கரு அடர்நிறமாக இருந்தால்தான் சத்து என்பதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. அந்த நிறம் கீரையிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருவது. கோடையில் பச்சை இல்லாதபோது வெளுக்கும். முருங்கைக்கீரையோ, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற பச்சைத் தீவனமோ போட்டால் சில வாரங்களில் நிறம் திரும்பும்.

அடை வைக்க எடுக்கும் முட்டைகள் ஒரு வாரத்துக்கு உட்பட்டவையாக இருக்கட்டும். எங்கள் பக்கம் ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். ஆனால் பதினொன்றோ பன்னிரண்டோ எதுவானாலும் சரி, கோழியின் இறகுக்குள் முழுதாக அடங்க வேண்டும், அவ்வளவுதான். ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, நரம்பு ஓடாததை எடுத்துவிடுங்கள்.