காப்பிய விடாமலே காப்பிய குறைக்கறது எப்படி? சேலத்துக்காரங்களுக்கு சில யோசனை

சேலத்துல இருக்கறவங்க கிட்ட போய் காப்பிய விட்டுடுங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, கேக்கணும்னும் இல்ல. 1820-கள்ல இங்க கலெக்டரா இருந்த காக்பர்ன் ஏற்காட்டுல காப்பிச் செடிய கொண்டாந்து வச்சாருன்னு சொல்லுவாங்க, அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் சேர்வராயன் மலையில சில்வர் ஓக் மரமும் அதுல ஏறுற மிளகுக் கொடியும் அந்த நெழல்ல காப்பியும்தான். நம்ம மலையில வெளையறத நாம குடிக்காம யாரு குடிப்பாங்க. அதனால நான் சொல்றது இதுதான்: ருசிக்காக குடிக்கற காப்பிய வச்சுக்கங்க, பழக்கத்துக்காக குடிக்கறத மட்டும் எடுத்துடுங்க.

எது ருசிக்கு எது பழக்கத்துக்குன்னு தெரியணும்னா ரெண்டு மூணு நாளைக்கு எழுதி வைங்க. எத்தனை மணிக்கு குடிச்சீங்க, அதுக்கு முன்னாடி ஒடம்பு என்ன கேட்டுச்சு, அவ்ளோதான். காலையில முதல் டம்ளர், பித்தளை ஃபில்டர்ல எறங்குன டிகாஷன்ல போட்டது, அது நிஜமான காப்பி, அதுல கை வைக்க வேணாம். பதினோரு மணிக்கு ஆபீஸ்ல குடிக்கறது பெரும்பாலும் பசி, ஏன்னா காலையில ரெண்டு இட்லிய அவசரமா முழுங்கிட்டு பஸ் புடிச்சிருப்பீங்க. மூணு மணிக்கு குடிக்கறது தாகமும் தூக்கமும், சேலம் வெயில்ல மத்தியானம் வரைக்கும் ஒரு பாட்டில் தண்ணி கூட குடிச்சிருக்க மாட்டீங்க. சாயந்திரம் ஆறு மணி காப்பி வீட்டுல யாரோ போடறாங்கங்கறதுக்காக குடிக்கறது. இது தெரிஞ்சுட்டா மாத்து என்னன்னு அதுவே சொல்லிடும், பசிக்கு கூழ், தாகத்துக்கு மோர், சூடா கையில ஒரு டம்ளர் வேணும்னா சுக்கு மல்லி.

முதல்ல எடுக்க வேண்டியது சாயந்திர காப்பி. காப்பியில தூக்கத்த விரட்டறது காஃபின்ங்கற பொருள், அது ஒடம்புல போனா அதுல பாதி கொறையவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகுது, சிலருக்கு இன்னும் அதிகம், கர்ப்பிணிகளுக்கு ரொம்பவே அதிகம். அப்ப ஆறு மணிக்கு குடிச்சதுல பாதி ராத்திரி பதினோரு மணிக்கும் உள்ள இருக்கும். தூக்கம் வரலன்னு புரண்டுட்டு காலையில சோர்வா எழுந்து அந்த சோர்வுக்கு இன்னொரு காப்பி, இது ஒரு சுத்து, அத சாயந்திரத்துல வெட்டுனா மத்தது தானா கொஞ்சம் கொறையும். ஸ்டீல் பிளான்ட்ல, தறியில நைட் ஷிஃப்ட் போறவங்களுக்கு கணக்கு வேற, அவங்க ஷிஃப்ட் ஆரம்பத்துலயே குடிச்சுடணும், விடிகாலையில குடிச்சுட்டு வீட்டுக்கு போய் படுத்தா எப்படி தூக்கம் வரும்.

ஒரேயடியா நிறுத்தாதீங்க, இத அழுத்தி சொல்றேன். நம்ம மூளையில அடினோசின்னு ஒண்ணு சேர சேரத்தான் தூக்கம் வருது, காஃபின் அது போய் உக்கார்ற எடத்துல தான் போய் உக்காந்துக்குது. தினமும் இப்படி நடந்தா மூளை அந்த எடங்களை அதிகமாக்கிக்கும், திடீர்னு காப்பி நின்னா அடினோசின் மொத்தமா வந்து உக்காரும், ரத்தக் குழாய் விரியும், தலை வலிக்கும். கடைசி காப்பிக்கு அப்புறம் 12-ல இருந்து 24 மணி நேரத்துல ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சத்துக்கு போகும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலயும் இழுக்கும், எரிச்சலும் சோம்பலும் கூடவே வரும். இதுல பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா இதுக்கு பயந்துதான் நெறைய பேரு ரெண்டாவது நாளே பழைய கணக்குக்கு போயிடறாங்க. தினமும் குடிக்கறதுல வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் கொறைச்சுட்டே வந்தா இந்த வலி பெரும்பாலும் தெரியவே தெரியாது. இன்னொண்ணு, சில தலைவலி மாத்திரையிலயே காஃபின் சேத்திருப்பாங்க, அட்டைய திருப்பி பாத்துட்டு போடுங்க.

டம்ளர் எண்ணிக்கைய கொறைக்கறதுக்கு முன்னாடி தூளையே மாத்தலாம், இது பல பேருக்கு தோணறதில்ல. காப்பியில ரோபஸ்டா, அராபிகான்னு ரெண்டு வகை, ரோபஸ்டா கொட்டையில அராபிகாவ விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காஃபின் இருக்கு. ஏற்காட்டுல வெளையறது பெரும்பாலும் அராபிகா. தூள் அரைக்கற கடையில பிளான்டேஷன் ஏ-ன்னு கேட்டா அது கழுவி பதப்படுத்துன அராபிகா, பீபெரின்னு (பழத்துக்குள்ள ஒத்தக் கொட்டையா உருண்டு வெளையறது) மட்டும் கேட்டா ரெண்டு வகையிலயும் பீபெரி உண்டு, எதுன்னு கேட்டு வாங்குங்க. காப்பித் தூளோட கலக்கற சிக்கரி வேர்ப் பொடியில காஃபினே கெடையாது, அதனால காப்பி 80, சிக்கரி 20-ன்னு போட்டு குடிக்கறவங்க 60:40-க்கு மாறுனா அதே கசப்பு அதே கலரு, ஆனா காஃபின் கொறைவு. கலப்படம்னு சிக்கரிய திட்டறவங்க உண்டு, அளவ வெளிப்படையா போட்டு விக்கற வரைக்கும் அது கலப்படம் ஆகாது, இந்த வேலைக்கு அது நல்ல துணை. சிலருக்கு மட்டும் வயித்துல கேஸ் புடிக்கும், அவங்க கொஞ்சமா சேத்துக்கங்க. டம்ளரையும் சின்னதா மாத்துங்க.

இப்ப காப்பிக்கு பதிலா என்ன குடிக்கறதுன்னு பாப்போம். எனக்கு தெரிஞ்சு காப்பி எடத்த நெஜமாவே நிரப்பறது சுக்கு மல்லி காப்பிதான், ஏன்னா சூடும் காரமும் வாசனையும் மூணும் இருக்கு, வாய்க்கு ஏமாத்தம் இல்ல. 100 கிராம் மல்லி விதைய வெறும் சட்டியில வாசம் வர வறுங்க, கருக விட்டா கசக்கும். 50 கிராம் சுக்க மேல்தோல் சீவி தட்டி லேசா சூடு காட்டுங்க, ஒரு ஸ்பூன் மிளகு, நாலு ஏலக்கா, எல்லாத்தையும் ஆற விட்டு கொரகொரன்னு பொடிச்சு டப்பாவுல அடைச்சுடுங்க. சாமானெல்லாம் செவ்வாப்பேட்டை பக்கம் மளிகைக் கடையில சல்லிசா கெடைக்கும், மிளகு மட்டும் ஏற்காட்டுல வெளைஞ்சதா பாத்து வாங்குங்க, அந்த காரமே வேற. ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் பொடி, நாலு நிமிஷம் நல்லா கொதிக்கணும், கடைசில கருப்பட்டி தட்டி போட்டு வடிகட்டுங்க. கருப்பட்டிய கொதிக்கும்போதே போட்டு பால் ஊத்துனா சில நேரம் திரிஞ்சுடும், பால் இல்லாம குடிக்கறதே நல்லா இருக்கும். சுகர் இருக்கறவங்க கருப்பட்டிய நாட்டு மருந்துன்னு நெனச்சு அள்ளி போடாதீங்க, அதுவும் சக்கரைதான். அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவங்க மிளக விட்டுட்டு மல்லிய அதிகமாக்கிக்கங்க.

மத்தியானத்துக்கு நீர்மோர். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணி ஊத்தி கடைஞ்சு, இஞ்சி, கறிவேப்பில, கொத்தமல்லி, ஒரு சிட்டிகை பெருங்காயம். பிரஷர் இருந்தா உப்ப பாத்து போடுங்க. ஆபீஸுக்கு ஃபிளாஸ்க்ல எடுத்துட்டு போனா மூணு மணிக்கு டீக்கடை பக்கம் காலு போகாது. பதினோரு மணி பசிக்கு ஒரு சொம்பு கம்மங்கூழோ ராகிக் கூழோ, கடிச்சுக்க சின்ன வெங்காயமும் மோர் மொளகாயும், வெயில் காலத்துல தள்ளுவண்டியில ரோட்டோரமே கெடைக்குது, இத குடிச்சா மத்தியான சோறு வரைக்கும் தாங்கும்.

எளநி நல்லது, ஆனா அதுல பொட்டாசியம் அதிகம், கிட்னி பிரச்சனை இருக்கறவங்க டாக்டர கேக்காம குடிக்க வேணாம். நன்னாரி சர்பத்துல பாதி சக்கரைப் பாகு, அதுக்கு பதிலா நன்னாரி வேர தட்டி மண்பானை தண்ணியில போட்டு வைங்க, ராத்திரி போட்டா காலையில வாசம் எறங்கியிருக்கும். மழைக் காலத்துல துளசியும் எலுமிச்சம்புல்லும் கொதிக்க வச்சு குடிக்கலாம், மலையில குளிருக்கு இது ரொம்ப எதமா இருக்கும்.

டீக்கு மாறிட்டேன்னு சொல்றவங்க கவனிங்க, டீயிலயும் கிரீன் டீயிலயும் காஃபின் இருக்கு, காப்பிய விட கம்மி அவ்ளோதான். கோலாவும் அப்படித்தான், அதுல சக்கரை வேற. சக்கரைன்னதும் இதையும் பாருங்க, டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு டம்ளர்னா எட்டு ஸ்பூன், சுமார் 32 கிராம். கூடுதலா சேக்கற சக்கரை நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, காப்பியிலயே அத தாண்டிடறோம்.

ஆரோக்கியமா இருக்கற பெரியவங்களுக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரைக்கும் பிரச்சனை இல்லன்னு சொல்றாங்க, கர்ப்பமா இருந்தா 200-க்குள்ள. தைராய்டு மாத்திரை போடறவங்க வெறும் வயித்துல மாத்திரைய போட்டதும் காப்பி குடிக்காதீங்க, அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் விடுங்க, இல்லன்னா மருந்து சரியா ஒடம்புல சேராது. ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை எடுக்கற அக்காமாரும் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒட்டி காப்பி டீ ரெண்டும் குடிக்காம பாத்துக்கங்க.

கடைசியா சொந்தக்காரங்க வீடு. அங்கதான் எல்லா கணக்கும் ஒடையுது, வேணாம்னு சொன்னா மனசு சங்கடப்படுவாங்க. வேணாம்னு சொல்லாதீங்க, உள்ள நொழைஞ்சதுமே, அவங்க அடுப்ப பத்த வைக்கறதுக்கு முன்னாடியே, "அத்தை, வெயில்ல வந்தது தாகமா இருக்குது, மோர் இருந்தா குடுங்க"ன்னு நீங்களே கேட்டுடுங்க. கேட்டு வாங்கி குடிச்சா அவங்களுக்கும் சந்தோஷம்.