வெள்ளத்துக்குப் பின் பிள்ளைகளோடு பல்லாங்குழி ஆடுவது எப்படி?

2023 மார்ச்சில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பெருவெள்ளம் வந்தபோது, யோங் பெங், சிகாமட் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கானோர் துயர்துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது. இத்தகைய தோட்டப்புறச் சிறுநகரங்களில் வீடு திரும்பும் சிறு பிள்ளைகள் சிலர், வானம் இருண்டாலே அம்மாவை விட்டு நகர மாட்டார்கள். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கமும் திரும்பி வரலாம். பேரிடருக்குப் பின் இவை இயல்பானவை என்பதால், பிள்ளையைக் கண்டிக்கவோ, நடந்ததைச் சொல்லச் சொல்லித் துருவவோ கூடாது. பழைய நடைமுறைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும்போது பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். தினமும் ஒரே நேரத்தில் ஆடும் ஆட்டமும் அந்த நடைமுறைகளில் ஒன்றாகலாம்.

அதற்கு முதலில் பல்லாங்குழியையே சொல்வேன். பலகை வெள்ளத்தில் போயிருந்தால், கழுவித் துடைத்த சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் வரிசைக்கு ஏழாக 14 வட்டங்கள் வரைந்தால் போதும். வெள்ளம் வடிந்த சேற்றில் எலிக் காய்ச்சல் அபாயம் இருப்பதால், மண்ணில் குழி தோண்ட வேண்டாம். வழக்கமாகக் குழிக்கு ஐந்து என்றால் 70 கொட்டைகள் வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் குழிக்கு மூன்றே போதும். தோட்டத்தில் ரப்பர் கொட்டை எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதன் பருப்பில் நச்சுத்தன்மை உண்டு. கையில் கிடைப்பதை வாயில் போடும் வயதென்றால் எந்தக் கொட்டையும் வேண்டாம்.

ஒரு குழியில் உள்ளதை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கைக் கொட்டை தீர்ந்ததும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடரலாம். அது வெறுங்குழியானால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதைத் தனதாக்கிக்கொள்ளலாம். எந்தக் குழியில் தொடங்குவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். எதுவும் தன் கையில் இல்லை என்று திகைத்துப்போன பிள்ளைக்கு, தான் எடுத்த முடிவின்படி கொட்டைகள் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பெரியவர்கள் உணர வேண்டும். ஆகவே அவசரப்படுத்தாதீர்கள், தொடக்கத்தில் வெற்றி தோல்விக் கணக்கும் வேண்டாம்.

எதிரே உட்காருவதற்குப் பாட்டியைவிடப் பொருத்தமானவர் இல்லை. கை ஆட்டத்தில் இருக்கும்போது, "பாட்டி, மறுபடியும் தண்ணி வருமா?" என்று பிள்ளை தானாகக் கேட்கக்கூடும். வராது என்று பொய்ச்சத்தியம் செய்யாமல், "பெரிய மழ பேஞ்சா வரலாம் கண்ணு. வந்தா எல்லாரும் சேர்ந்து முன்னாடியே கெளம்பிருவோம்" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

துறுதுறுவென்று அலையும் பிள்ளைக்கு, கட்டம் போட்டுத் தாவும் பாண்டி ஆட்டம் நல்லது. கண்ணைக் கட்டி ஆடும் கண்ணாமூச்சியை, இருட்டில் மீட்கப்பட்ட பிள்ளைகளிடம் கொஞ்ச காலம் தவிர்க்கவும். மையத்திலேயே தங்கியிருந்தால் மலாய்ப் பிள்ளைகளையும் பல்லாங்குழிக்குக் கூப்பிடுங்கள். அவர்களுடைய சோங்காக் ஏறக்குறைய இதே ஆட்டம்தான்.

பாவனை ஆட்டத்தில் வீடு மூழ்குவதையே பிள்ளை மாற்றமின்றி நடித்து, ஒவ்வொரு முறையும் கலங்கினால், மீட்புப் படகு ஒன்றை ஆட்டத்துக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் கெட்ட கனவும் பயமும் குறையாவிட்டாலோ, பிள்ளை பேச்சையும் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டாலோ, அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். 15999 என்ற எண்ணில், தாலியான் காசே (Talian Kasih) எனும் அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையிடமும் உதவி கேட்கலாம்.