இன்சோல் வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலித்து, சிறிது தூரம் நடந்ததும் குறைந்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் அது உள்ளங்காலின் தசைநார்ப் பட்டை குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் ஏற்பட்ட பாதிப்பாகவே இருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருப்பதாகத் தெரிந்தால் பலர் அஞ்சிவிடுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த எலும்பு முனை இருக்கிறது என்பதால், அதைக் கரைக்க மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. இத்தகைய வலிக்குச் சரியான இன்சோல், அதாவது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் உள்தகடு, நல்ல துணை. ஆனால் கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி மடக்கும் பயிற்சியை விட்டுவிட்டு இன்சோலை மட்டும் நம்பினால் பலன் பாதிதான்.

எந்த இன்சோல் என்று கேட்பதற்கு முன், அதை எதற்குள் வைக்கப் போகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் நம்மில் பலர் வீட்டுக்குள் டைல்ஸ் தரையிலோ கிரானைட் தரையிலோ வெறுங்காலுடன் நடக்கிறோம். தெருவில் இறங்கினால் செருப்பு. ஷூ அணிவது அலுவலக நேரத்தில் மட்டும். நாள் முழுவதும் சமையலறையில் நின்று வேலை செய்பவருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து ஷூவுக்கான இன்சோல் வாங்கித் தருவதில் பொருளே இல்லை. அவருக்கு வேண்டியது, பாத வளைவைத் தாங்கும் அமைப்பும் பின்பட்டையும் உள்ள, வீட்டுக்குள் அணிவதற்கென்றே ஒதுக்கிய ஒரு சாண்டல். வெளியே செருப்புதான் அணிவேன் என்பவரும் இன்சோலைத் தேடாமல், வளைவு செருப்பிலேயே வார்க்கப்பட்ட வகையைப் பார்ப்பது நல்லது. எட்டு மணி நேரம் ஷூவிலேயே இருப்பவருக்குத்தான் தனி இன்சோல் முழுமையாகப் பயன்படும்.

அடுத்து, பாதத்தின் வகையை அறிய வேண்டும். காலை நனைத்து ஒரு பழைய செய்தித்தாளின் மேல் இயல்பாக நின்று பாருங்கள். பாதம் முழுவதும் பட்டையாகப் பதிந்தால் தட்டைப்பாதமாக இருக்கலாம். குதிகாலையும் முன்பாதத்தையும் இணைக்கும் தடம் மிகக் குறுகலாகவோ காணாமலோ இருந்தால் வளைவு உயரம். தட்டையாகத் தெரிந்தால், நுனிக்காலில் எழும்பி நிற்கும்போது வளைவு தோன்றுகிறதா என்று யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். தோன்றினால் அது வளைந்து கொடுக்கும் தட்டைப்பாதம். வலி இல்லாவிட்டால் இன்சோலே தேவையில்லை. சிறு குழந்தைகளின் பாதம் தட்டையாக இருப்பதும் இயல்பே. ஓடி விளையாடும் குழந்தைக்கு இன்சோல் திணிக்க வேண்டாம். நுனிக்காலில் நின்றும் வளைவு தோன்றாவிட்டாலோ, ஒரு பாதம் மட்டும் அண்மையில் தட்டையாகியிருந்தாலோ, கடைக்குப் போகாமல் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

கடையில் இன்சோலைக் கையில் எடுத்ததும் வளைவுப் பகுதியைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். அது அப்படியே அமுங்கித் தட்டையானால், உங்கள் உடல் எடைக்கும் அமுங்கத்தான் போகிறது. அது மெத்தையே தவிர தாங்கி அன்று. மிருதுவான சிலிக்கான் ஜெல் கையில் பிடிக்க இதமாக இருப்பதால் விற்பனையாகிறது. கடினத் தரையில் குதிகாலுக்கு வரும் அதிர்வைக் குறைக்க அது உதவலாம், வளைவைத் தாங்க உதவாது. நல்ல இன்சோலில் குதிகால் ஒரு குழிவான கிண்ணத்தில் அமரும். நடுப்பகுதி எளிதில் முறுக்க வராது. விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளையும். அதன் மேல் நின்று பார்க்கும்போது இன்சோலின் மேடு உங்கள் வளைவின் நடுவில் பொருந்த வேண்டும். ஒரே எண் ஷூ அணியும் இருவருக்குக் குதிகாலிலிருந்து முன்பாதம் வரையிலான நீளம் வேறுபடலாம் என்பதால், ஷூ எண்ணை மட்டும் சொல்லி இணையத்தில் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில், வழக்கமாக அணியும் சாக்ஸோடும் ஷூவோடும் போய்ப் பாருங்கள். ஷூவில் ஏற்கெனவே உள்ள இன்சோலைக் கழற்றிவிட்டே புதியதை வைக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் குதிகால் மேலெழும்பி ஷூவிலிருந்து நழுவும்.

நம் ஊர் வியர்வையையும் மழையையும் கணக்கில் கொண்டால், ஈ.வி.ஏ. எனப்படும் பிளாஸ்டிக் நுரையால் ஆனவை வசதியானவை: எடை குறைவு, நீரை அதிகம் உறிஞ்சாது. மேற்புறம் தோல் வைத்தவை ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இதுவரை சொன்னதில் பெரும்பகுதி பொருந்தாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், கடினமான வளைவு உராய்ந்து புண்ணாக்கினாலும் தெரியாது. அவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தருவது மிருதுவான மைக்ரோசெல்லுலார் ரப்பர், அதாவது எம்.சி.ஆர். செருப்பு. தொழுநோயால் உணர்ச்சியிழந்த பாதங்களைக் காக்க வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் காலணிகளில் பயன்படுத்திய பொருள் இது. நடைபாதையில் விற்கும் முள் முள்ளான அக்குபிரஷர் செருப்பைச் சர்க்கரை நோயாளிகள் அணியவே கூடாது. எந்தக் காலணியானாலும் அணியும் முன் உள்ளே கைவிட்டுக் கல், ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும், இரவில் உள்ளங்காலைப் பார்ப்பதும் அன்றாடப் பழக்கமாக வேண்டும்.

அளவெடுத்துச் செய்யும் இன்சோல் எல்லோருக்கும் வேண்டுமா? சாதாரணக் குதிகால் வலியைப் பொறுத்தவரை, ஆயத்த இன்சோலைவிட அது பெரிதாக மேம்பட்டது என்று ஆய்வுகள் காட்டவில்லை. முதலில் நல்ல ஆயத்த இன்சோலை ஓரிரு மாதம் பயன்படுத்திப் பார்க்கலாம். பாதம் கோணலாக இருந்தாலோ, புண் வந்து ஆறியிருந்தாலோ, கால்கள் நீளத்தில் வேறுபட்டாலோ அளவெடுத்தது அவசியம். சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் இதற்கான பிரிவுகள் இருக்கின்றன. தனியாரிடம் போனால், அளவெடுப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். பாதத்தின் அழுத்தத்தைக் கணினித் திரையில் வண்ணப் படமாகக் காட்டுவது மட்டும் தகுதியாகாது.

வாங்கிய இன்சோலை முதல் நாளிலேயே முழு நேரமும் அணியக் கூடாது. ஓரிரு மணி நேரத்தில் தொடங்கி, நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டினால் கால் பழகிவிடும். லேசான அசௌகரியம் இருக்கலாம். இரண்டு மூன்று வாரத்துக்குப் பின்னும் வலித்தாலோ, முழங்காலிலோ இடுப்பிலோ புதிய வலி தொடங்கினாலோ கழற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இரவில் ஷூவிலிருந்து எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள்; மொட்டை மாடி வெயிலில் போட்டால் ஈ.வி.ஏ. சுருங்கும். தினமும் அணிபவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் நுரை தளர்ந்துவிடும். மேலே எதுவும் கிழியாமல் இருந்தாலும், கட்டைவிரல் சோதனையில் வளைவு அமுங்கினால் மாற்றிவிட வேண்டும்.