குவாலிட்டியா வசதியா? ஸ்ட்ரீமிங் டிவைஸ் விஷயத்துல நாம பண்ற தவறுகள்

ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஒரு இருட்டு சீனைப் போட்டுப் பாருங்க. ஒரே ஒரு விளக்கு எரியுது, மூலையெல்லாம் கருப்பு, அந்த மாதிரி ஒரு சீன். அந்தக் கருப்புக்குள்ள சாம்பல் கலர்ல கட்டம் கட்டமா ஏதாவது நெளியுதா? வெளிச்சம் மெதுவா மங்கி இருட்டோட கலக்க வேண்டிய இடத்துல படிக்கட்டு மாதிரி கோடு விழுதா? இதைப் பார்த்ததும் நிறைய பேர் சொல்றது "டிவி சரியில்ல, மாத்தணும்", இல்லன்னா "இந்த ஸ்டிக் வேஸ்ட், பெரிய பாக்ஸா வாங்கணும்". (டிவியோட ஹெச்டிஎம்ஐ போர்ட்ல சொருகி நெட்ல இருந்து படம் காட்டுற குட்டி டிவைஸ் தான் ஸ்டிக், அதையே பெருசா தனியா வச்சா பாக்ஸ்.) ஆனா நான் செட் பண்ணிக் கொடுத்த வீடுகள்ல பெரும்பாலும் குறை டிவியிலயும் இல்ல ஸ்டிக்லயும் இல்ல, நடுவுல ஏதோ ஒரு செட்டிங்லயோ ஒயர்லயோ வைஃபையிலயோ தான் இருந்துச்சு.

நல்ல படம் வேணும்னா கஷ்டப்படணும், ஈஸியா இருக்கணும்னா படம் சுமாரா தான் இருக்கும்னு நமக்குள்ள ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கு. நிஜமாவே ரெண்டும் மோதிக்கிற இடம் ரொம்பக் கொஞ்சம். மத்த இடத்துல எல்லாம் நாம குவாலிட்டியை சும்மாவே கோட்டை விடுறோம், அதுக்கு பதிலா எந்த வசதியும் கிடைக்கிறதில்ல.

முதல்ல 4கேங்கிற எழுத்தை மட்டும் நம்பி வாங்குறது. 4கேன்னா 3840க்கு 2160, மொத்தம் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி, 1080பியில, அதாவது ஃபுல் ஹெச்டியில, 21 லட்சம் கூட இல்ல, சரி, நாலு மடங்கு தான். ஆனா அந்தப் புள்ளிகளை நிரப்ப ஒவ்வொரு செகண்டும் எவ்வளவு டேட்டா வருதுங்கிறது தான் படத்தைத் தீர்மானிக்குது, அதைத்தான் பிட்ரேட்னு சொல்றோம். நெட்ஃப்ளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ் நெட் இருந்தா போதும்னு சொல்லுது, அவங்க கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரைக்கும் போகும், அப்போ ரெண்டு மணி நேரப் படம் 14 ஜிபி. 2016ல வந்த 4கே ப்ளூரே டிஸ்க்ல 100 ஜிபி வரைக்கும் இடம் இருக்கு, பிட்ரேட் 128 எம்பிபிஎஸ் வரைக்கும் போகலாம். ரெண்டு மேலயும் 4கேன்னு தான் போட்டிருக்கும்! பழைய 1080பி ப்ளூரேயிலயே வீடியோவுக்கு மட்டும் 40 எம்பிபிஎஸ் வரைக்கும் உண்டு, அதனால தான் இருட்டு, புகை, மழை, ஃபிலிம் கிரெயின் மாதிரி சீன்ல எல்லாம் நல்ல 1080பி டிஸ்க் ஒண்ணு பட்டினி போட்ட 4கே ஸ்ட்ரீமை விட நிம்மதியா தெரியும். டேட்டாவைக் குறைக்கணும்னா கம்ப்ரெஷன் (வீடியோவைச் சுருக்குற வேலை) முதல்ல கை வைக்கிறது கண்ணு அதிகம் கவனிக்காதுன்னு நினைக்கிற இடத்துல, அது பெரும்பாலும் இருட்டு. நம்ம கண்ணோ லைட்டை அணைச்சுட்டு உக்காந்தா அங்க தான் போகும்.

இதுல இன்னொண்ணும் சேர்த்துச் சொல்லிடறேன், தூரம். நல்ல பார்வை உள்ள ஒருத்தர் 55 இன்ச் டிவியை ஏழடிக்கு மேல தள்ளி உக்காந்து பார்த்தா 1080பியோட புள்ளியே தனித்தனியா தெரியாது. பத்தடி தள்ளி சோபா போட்டிருக்கிற வீட்ல 4கேவால வர்ற நுணுக்கத்தை விட ஹெச்டிஆரால (வெளிச்சம், இருட்டு, கலர் எல்லாத்தையும் சாதாரணப் படத்தை விட அகலமா காட்டுற முறை) வர்ற வெளிச்சமும் கலரும் தான் கண்ணுக்குத் தெரியும். அதனால டிவைஸ் பார்க்கும்போது ரெசல்யூஷனை விட, உங்க டிவி எந்த ஹெச்டிஆரை ஏத்துக்குமோ அதை இந்த டிவைஸ் கொடுக்குதான்னு பாருங்க. சாம்சங் டிவிக்கு டால்பி விஷன்ங்கிற ஹெச்டிஆர் வகை கிடையாது, அந்த டிவி வச்சிருக்கவர் டால்பி விஷனுக்காகவே காசு கூடக் கொடுத்து ஒரு பாக்ஸ் வாங்கினா அந்தக் காசு அப்படியே தண்டம்.

அடுத்தது ரொம்ப சாதாரணமா நடக்கிற ஒரு தப்பு, இதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்லணும். ஃபோன்ல படத்தைப் போட்டுட்டு ஸ்கிரீன் மிரரிங் பண்ணி டிவியில பார்க்கிறது. ரொம்ப ஈஸியா இருக்கு, அதனால பண்றாங்க. ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க: ஃபோன் அந்தப் படத்தை நெட்ல இருந்து இறக்குது, பிரிச்சு ஸ்கிரீன்ல காட்டுது, காட்டுற அந்த ஸ்கிரீனையே அவசர அவசரமா மறுபடி கம்ப்ரெஸ் பண்ணி வைஃபை வழியா டிவிக்கு அனுப்புது. ஏற்கனவே பிழிஞ்ச துணியை இன்னொரு தடவை பிழியற மாதிரி. படம் மசமசன்னு வரும், வாய் ஒரு பக்கம் வார்த்தை ஒரு பக்கம் போகும், ஃபோன் சூடாகும், நடுவுல மெசேஜ் வந்தா அதுவும் டிவியில வந்து நிக்கும், சில ஆப்ல காப்பிரைட் காவல் இருக்கிறதால வெறும் கருப்பு ஸ்கிரீன் தான் வரும். காஸ்டிங்ங்கிறது வேற. 2013ல குரோம்காஸ்ட் வந்தப்போ அதோட சங்கதியே இதுதான், ஃபோன் "இந்தப் படத்தைப் போடு"ன்னு விலாசத்தை மட்டும் டிவைஸ்கிட்ட சொல்லும், டிவைஸ் தானே சர்வர்ல இருந்து நேரா படத்தை எடுத்துக்கும். ஃபோனை லாக் பண்ணி ஓரமா வச்சாலும் படம் ஓடும், குவாலிட்டியும் முழுசா வரும். ஆப்புக்குள்ளயே இருக்கிற காஸ்ட் பட்டனை அமுக்கினா காஸ்டிங், ஃபோன் செட்டிங்ஸ்ல போய் மொத்த ஸ்கிரீனையும் அனுப்பினா மிரரிங். வித்தியாசம் ஒரு பட்டன் தான். பட்டன் இல்லாத ஆப்பா இருந்தா டிவியிலயே அந்த ஆப்பைப் போட்டுக்கிறது நல்லது.

ஸ்டிக்கை டிவிக்குப் பின்னாடி சொருகிட்டு மறந்துடறது இன்னொண்ணு. வெளிய எதுவும் தொங்காம அழகா இருக்கும், உண்மை தான். ஆனா முன்னாடி டிவியோட தகடு, பின்னாடி சுவர், நடுவுல அந்தக் குட்டி ஸ்டிக்கோட ஆண்டெனா மூச்சு விட முடியாம கிடக்கும். சிக்னல் குறைஞ்சா படம் நிக்காது, அதுக்கு பதிலா சத்தமில்லாம குவாலிட்டியைக் குறைச்சுக்கும், நீங்க கவனிக்கக் கூட மாட்டீங்க, "படம் ஏனோ டல்லா இருக்கே"ன்னு தான் தோணும். நிறைய ஸ்டிக்கோட ஒரு சின்ன ஹெச்டிஎம்ஐ எக்ஸ்டென்ஷன் ஒயர் கொடுப்பாங்க, அதை யாரும் பெட்டியில இருந்து எடுக்கிறதே இல்ல, எடுத்துப் போடுங்க, ஸ்டிக் கொஞ்சம் வெளிய வந்தாலே வித்தியாசம் தெரியும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ்ல சேருங்க, ரவுட்டர் ரொம்ப தூரத்துல, ரெண்டு மூணு சுவர் தாண்டி இருந்தா மட்டும் 2.4 பரவாயில்ல. கரண்டும் அப்படித்தான். ஒரு ஒயர் மிச்சம்னு டிவியோட யூஎஸ்பி போர்ட்லயே ஸ்டிக்கைச் சொருகிடறோம், யூஎஸ்பி 2.0 போர்ட் உத்தரவாதமா கொடுக்கிறது அரை ஆம்பியர் தான், ஸ்டிக் கேட்கிறது அதுக்கும் மேல. படம் பாதியில தானா ரீஸ்டார்ட் ஆகுதுன்னா முதல்ல அதோட சொந்த அடாப்டரைப் போட்டுப் பாருங்க.

ஹெச்டிஎம்ஐ போர்ட்டும் எல்லாம் ஒண்ணு இல்ல. நிறைய டிவியில 4கே ஹெச்டிஆரை முழுசா வாங்கணும்னா அந்த போர்ட்டுக்கு மட்டும் என்ஹான்ஸ்டுன்னோ டீப் கலர்னோ ஒரு செட்டிங்கை ஆன் பண்ணணும், வாங்கி வரும்போது அது ஆஃப்ல இருக்கும். அப்புறம் பாக்ஸை பழைய ஆடியோ ரிசீவர் வழியா டிவிக்குக் கொண்டு போறவங்க கவனிங்க, அந்த ரிசீவர்ல ஹெச்டிசிபி 2.2ங்கிற காப்பிரைட் பாதுகாப்பு இல்லன்னா 4கே அங்கயே நின்னுடும், 1080பி தான் தாண்டி வரும். பாக்ஸை நேரா டிவியில போட்டு, சவுண்டை மட்டும் ஏஆர்சி (ஹெச்டிஎம்ஐ ஒயர்லயே டிவியில இருந்து சவுண்டைத் திருப்பி அனுப்புற வசதி) வழியா ரிசீவருக்கு அனுப்புங்க, ஏஆர்சி ரெண்டு பக்கமும் இருக்கணும்.

இப்போ செட்டிங்ஸ். எனக்கு ரொம்ப மனசு வலிக்கிற இடம் இது. நல்ல டிவி, நல்ல பாக்ஸ், நல்ல நெட், எல்லாம் வாங்கிட்டு படத்தைக் கெடுத்து வச்சிருப்பாங்க.

ஒண்ணு, எப்பவும் ஹெச்டிஆர்ல வச்சுடறது. சாதாரணப் படத்தையும் பழைய சீரியலையும் நியூஸையும் கூட டிவைஸ் வலுக்கட்டாயமா ஹெச்டிஆரா மாத்தி அனுப்பும், முகமெல்லாம் ஒரு மாதிரி வெளிறியோ ஆரஞ்சாவோ தெரியும். ஆப்பிள் டிவியில மேட்ச் கன்டென்ட்னு ஒரு இடம் இருக்கு, அதுல ரேஞ்ச், ஃப்ரேம் ரேட் ரெண்டையும் ஆன் பண்ணிட்டு, ஃபார்மேட்டை 4கே எஸ்டிஆர்ல, அதாவது ஹெச்டிஆர் இல்லாத சாதாரண முறையில வச்சுடுங்க. ஃபயர் டிவியில டைனமிக் ரேஞ்சை அடாப்டிவ்ல வைங்க. படம் ஹெச்டிஆரா இருந்தா ஹெச்டிஆர், இல்லன்னா இல்ல, அவ்வளவு தான் வேணும்.

ரெண்டாவது ஃப்ரேம் ரேட். சினிமா எடுக்கிறது செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி படம், டிவைஸ் அனுப்புறது 60. இருபத்து நாலை அறுபதுல சமமா பங்கு போட முடியாது, அதனால ஒரு ஃப்ரேமை ரெண்டு தடவையும் அடுத்ததை மூணு தடவையும் காட்டி ஒப்பேத்தும். ஆள் பேசுற சீன்ல தெரியாது. கேமரா மெதுவா ஒரு பக்கமா நகரும்போது பாருங்க, கட்டடமும் மரமும் நகராம திக்கித் திக்கிப் போகும். சில நல்ல டிவிங்க இதைத் தானே கண்டுபிடிச்சு சரி பண்ணிக்கும், எல்லா டிவியும் பண்ணாது. டிவைஸ்ல ஃப்ரேம் ரேட் மேட்ச் பண்ற செட்டிங்கை ஆன் பண்ணா 24ஐ 24ஆவே அனுப்பும், 120 ஹெர்ட்ஸ் டிவியா இருந்தா ஒவ்வொரு ஃப்ரேமும் சரியா அஞ்சு தடவை. ஆப்பும் ஒத்துழைக்கணும், அது ஒண்ணு இருக்கு. நான் முன்னாடி சொன்ன அந்த நிஜமான மோதல் வர்றதும் இங்க தான்: படம் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் ஸ்கிரீன் ஒண்ணு ரெண்டு செகண்ட் கருப்பாகும், வீட்ல இருக்கவங்க "என்னாச்சு டிவிக்கு, போயிடுச்சா?"ன்னு பதறுவாங்க. ஹெச்டிஎம்ஐ 2.1ல க்விக் மீடியா ஸ்விட்ச்சிங்னு ஒரு வசதி இதுக்காகவே வந்திருக்கு, ஆனா டிவி, டிவைஸ் ரெண்டுலயும் இருக்கணும். இல்லாத வீட்ல, முழுப் படம் உக்காந்து பார்க்கிறவங்க ஆன் பண்ணுங்க, நாள் பூரா குட்டி குட்டி வீடியோ மாத்திட்டே இருக்கவங்க ஆஃப் பண்ணிடுங்க. அந்தக் கருப்பு ஒரு நாளைக்கு நாப்பது தடவை வந்தா யாருக்கும் பொறுமை இருக்காது.

மூணாவது, டிவியோட மோஷன் ஸ்மூத்திங். இல்லாத ஃப்ரேமை டிவியே நடுவுல வரைஞ்சு சேர்க்கும், பெரிய படம் கூட சீரியல் ஷூட்டிங் மாதிரி ஆகிடும். 2019ல யூஹெச்டி அலையன்ஸ் (டிவி, சினிமா கம்பெனிங்க சேர்ந்த அமைப்பு) அறிவிச்ச ஃபிலிம்மேக்கர் மோட் உங்க டிவியில இருந்தா ஒரே கிளிக்ல அதெல்லாம் ஆஃப் ஆகிடும். முதல் நாள் படம் மங்கலா, மஞ்சளா தெரியும், ஒரு வாரம் விடுங்க, கண்ணு பழகிடும்.

யாருன்னே தெரியாத பிராண்ட் பாக்ஸ் வாங்குறதைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். பெட்டி மேல 4கே, ஹெச்டிஆர் எல்லாம் அச்சடிச்சிருக்கும். உள்ள வைட்வைன்ங்கிற காப்பிரைட் காவலோட மேல் மட்டமான எல்1 சர்டிஃபிகேஷன் இருக்காது, கீழ் மட்டமான எல்3 தான் இருக்கும், அப்போ நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஆப்ல நீங்க எவ்வளவு பெரிய பிளான் போட்டிருந்தாலும் 480பி தான் வரும். பிராண்டட் டிவைஸ்லயே கோடெக்னால (வீடியோவைச் சுருக்கி விரிக்கிற முறை) இப்படி ஆகிறதுண்டு, 2017ல வந்த ஆப்பிள் டிவி 4கேல யூட்யூப் 4கே 2020 வரைக்கும் வரல, யூட்யூப் பயன்படுத்துற விபி9 கோடெக்கை அது ஏத்துக்கல, அவ்வளவு தான் காரணம். இப்போ வாங்குறவங்க ஏவி1ங்கிற புது கோடெக் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. பிளானையும் பாருங்க, நெட்ஃப்ளிக்ஸ்ல 4கே மேல் பிளான்ல மட்டும் தான், அதோட அக்கவுன்ட்ல ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் டேட்டா யூசேஜ்னு ஒரு செட்டிங் இருக்கும், யாராவது ஒரு காலத்துல லோல வச்சு மறந்திருப்பாங்க.

குவாலிட்டி மட்டுமே பார்த்து, வீட்ல யார் யார் பார்க்கப் போறாங்கன்னு யோசிக்காம வாங்குறது, இதை நானே பண்ணியிருக்கேன். பாக்ஸ், சவுண்ட் சிஸ்டம், டிவி, மூணு ரிமோட். அப்பாவுக்கு எந்த ரிமோட் எதுக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டினேன். ரெண்டு நாள் கேட்டாரு, மூணாவது நாள் "பரவாயில்லப்பா, நீ வேலையைப் பாரு"ன்னுட்டு ஃபோன்லயே படம் பார்க்க ஆரம்பிச்சுட்டாரு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, ஃபோனைக் கண்ணுகிட்ட பிடிச்சுகிட்டு. எதிர்ல அவ்வளவு பெரிய டிவி சும்மா கிடக்கு. எனக்கு அது தாங்கல.

சரியானது ஹெச்டிஎம்ஐ சிஇசியால தான், ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியா ஒரு டிவைஸ் இன்னொண்ணை இயக்குற வசதி அது. சாம்சங்ல எனிநெட் பிளஸ்னு சொல்வாங்க, எல்ஜியில சிம்ப்ளிங்க், சோனியில பிராவியா சிங்க், எல்லாம் அதே தான். அதை ஆன் பண்ணதும் பாக்ஸ் ரிமோட்ல ஒரு பட்டனை அமுக்கினா டிவியும் சவுண்டும் சேர்ந்து ஆன் ஆகும், இன்புட்டும் தானா மாறும், வால்யூமும் அதுலயே. மத்த ரெண்டு ரிமோட்டையும் டிராயர்ல போட்டுட்டேன், பேப்பரைக் கிழிச்சுட்டேன். படத்தோட குவாலிட்டி ஒரு துளி குறையல.

டிவியிலயே இருக்கிற ஆப் போதுமான்னா, டிவி புதுசா இருந்தா பெரும்பாலும் போதும், ரிமோட்டும் ஒண்ணு தான். டிவி ஸ்லோ ஆகி அப்டேட் வர்றது நின்னா ஒரு ஸ்டிக் வாங்கிப் போட்டுக்கலாம். வீட்ல சொந்தமா ரிப் பண்ணின (டிஸ்க்ல இருந்து காப்பி எடுத்த) 4கே ஃபைல் வச்சு ஓட்டுறவங்களுக்கு மட்டும் இது வேற கதை, நிறைய டிவியோட லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் தான், பெரிய சீன்ல மூச்சு வாங்கும், அவங்களுக்கு கிகாபிட் லேன் உள்ள பாக்ஸ் தேவை தான்.

புதுசா எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. டிவியில யூட்யூபைத் திறந்து ஒரு 4கே வீடியோவைப் போட்டு, செட்டிங்ஸ்ல ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸை ஆன் பண்ணுங்க. ஓரத்துல குட்டி எழுத்துல ரெசல்யூஷன், கோடெக், நெட் ஸ்பீடு எல்லாம் வரும். அஞ்சு நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்க. 3840க்கு 2160ன்னு காட்டாம 1920லயே நிக்குதுன்னா குவாலிட்டி ஆட்டோல இருக்கா, வைஃபை எந்த பேண்ட்ல இருக்கு, ஒயர் எந்த போர்ட்ல இருக்குன்னு ஒவ்வொண்ணா மாத்திட்டு மறுபடி பாருங்க. எல்லாம் மாத்தியும் நகரலன்னா அப்போ புது டிவைஸ் பத்தி யோசிக்கலாம்.