டர்பன் சிம்பொனி மேடையில் தமிழ்ப் பாட்டு: ஒத்திகைக்கு முன் செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மண்டபம் 1910-இல் எழுந்தது. 1920-களில் நகராட்சியே ஓர் இசைக்குழுவை வைத்து நடத்தியது. இனப் பிரிவினைச் சட்டங்கள் அரங்க இருக்கைகளையும் விடவில்லை. எல்லா இனத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும் என்று 1965-இல் ஆணை வந்தது. இன்று அதே மண்டபத்தில் வாசிக்கும் குவாசூலு-நேட்டால் பில்ஹார்மோனிக், 1983-இல் நேட்டால் பில்ஹார்மோனிக் என்ற பெயரில் தொடங்கியது. நகராட்சியும் மாகாணமும் அதற்குப் பணம் கொடுக்கின்றன. இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டு வரி கட்டுகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே நம் சபாக்கள், கோயில் குழுக்கள், நடனப் பள்ளிகள் அந்த மேடையைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கேட்கும்போது ஆயத்தமாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

நம் வித்வான்கள் காதால் கேட்டு, கண்ணால் சைகை பார்த்து வாசிப்பவர்கள். சிம்பொனிக் குழுவில் ஐம்பது, அறுபது பேர் எழுதிய இசைத்தாளைப் பார்த்து வாசிப்பவர்கள். தாளில் இல்லாதது அவர்கள் வில்லில் வராது. ‘அன்று மேடையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டது எல்லாம் அன்று மேடையில் கெடும்.

முதலில் ராகம். முதல் முயற்சிக்குச் சங்கராபரணம், மோகனம், கீரவாணி, நடபைரவி போன்றவை நல்லவை. சங்கராபரணம் மேற்கத்திய மேஜர் ஸ்கேல். கீரவாணி ஹார்மோனிக் மைனர். ஸ்வரங்கள் வயலின்காரரின் விரலுக்குப் பழகியவை. முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வர சாகித்யங்கள் ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்தவை என்பதால் இன்னும் எளிது. குழந்தைகள் பாட ஏற்றவை. தோடி ராகத்தைத் தொடவே வேண்டாம். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடும். அதன் அடியில் ஹார்ன்கள் காந்தாரத்தை நேராகப் பிடித்தால் பாடகர் அபஸ்வரம் பாடுவது போலக் கேட்கும். உண்மையில் பிழை அவருடையது அல்ல, எழுதியவருடையது.

எந்த ராகமானாலும், பாடகர் கமகம் போட்டு ஸ்வரத்தை அசைக்கும் இடத்தில் குழு ஸட்ஜம், பஞ்சமம் இரண்டை மட்டும் செல்லோவிலும் டபுள் பாஸிலும் பிடிக்கட்டும். பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் முழு கார்டு வேண்டாம். குழுவுக்கான அழகான வரிகளைப் பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலும், சங்கதிக்குப் பதில் சொல்லும் இடத்திலும் வையுங்கள். வரிக்கு வரி பாட்டையே வயலின்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பன்னிரண்டு வயலின் நேர் ஸ்வரமாக வாசிக்க, ஒரு குரல் வளைந்து போகும், இரண்டும் மோதும்.

அடுத்தது சுருதி. இங்குதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நம் சுருதி அளவான கட்டையை மேற்கத்திய ஸ்வரப் பெயரில் சொன்னால், ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, ஐந்து ஜி. பெண் பாடகர் 5½ கட்டை என்றால் அது ஏ ஃப்ளாட். நான்கு ஃப்ளாட் (அரை ஸ்வரம் இறக்கும் குறி) விழும். வயலின், வயோலா, செல்லோவின் திறந்த தந்திகளில் பெரும்பாலானவை பயன்படாமல் போகும்; நாதம் மங்கும். அரைக் கட்டை இறங்கி 5-இல் பாடினால் ஜி மேஜர், ஒரே ஒரு ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி). தந்தி வாத்தியங்கள் முழங்கும். பாடகருக்கு அது பெரிய இழப்பல்ல, ஆனால் இரண்டு மாதம் முன்பே அந்தச் சுருதியில் சாதகம் செய்ய வேண்டும். நாகசுரம் சேர்ந்தால் முடிவு உங்கள் கையில் இல்லை: பாரி நாகசுரம் பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டையில் இருக்கும், மாற்ற முடியாது. 2 கட்டை நாகசுரமாகத் தேடுங்கள். டி மேஜர் தந்திகளுக்கு மிக இணக்கமானது.

குழு ஓபோவின் ஏ-க்குச் சுருதி சேர்க்கும். அது பொதுவாக 440 ஹெர்ட்ஸ். சில குழுக்கள் 442 வைப்பார்கள். முன்னரே கேட்டுத் தெரிந்துகொண்டு, சுருதிப் பெட்டியின் நுண்திருகை அதற்கு ஒத்துத் திருத்துங்கள்.

தாளம் எழுதும்போது ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தை நான்குக்கு நான்கு பார் (தாளக் கட்டம்) இரண்டாக எழுதலாம். ரூபகம் மூன்றுக்கு நான்கு. மிஸ்ர சாபு ஏழுக்கு எட்டு. அதை மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்துக் காட்டாவிட்டால், குழுவைக் கையசைத்து நடத்தும் கண்டக்டர் வேறு மாதிரி பிரிப்பார். சமம் (ஆவர்த்தனத்தின் முதல் தட்டு) தாண்டி அரை அட்சரம் கழித்துப் பாட்டின் எடுப்பு என்றால் அந்த அரை அட்சரத்துக்கு மௌனக் குறி கட்டாயம் வேண்டும்.

மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை அளந்து எழுதுங்கள். நிமிடத்துக்கு 72 அட்சரம் என்ற காலப்பிரமாணத்தில் ஆதி தாளம் 8 ஆவர்த்தனம் என்றால் 64 அட்சரம், 16 பார், சுமார் 53 விநாடி. மூன்று முறை வாசித்து முடிக்கும் கடைசிக் கோர்வையை மட்டும் தாளக் குறியாகக் கண்டக்டரின் ஸ்கோரில் (முழுக் குழுவுக்குமான இசைத்தாளில்) எழுதிவிட்டால், மூன்றாம் முறை முடியும்போது அவர் கை தானாக உயரும். மிருதங்கக்காரர் உற்சாகத்தில் ஓர் ஆவர்த்தனம் கூட்டினால் அறுபது பேரும் தவறான இடத்தில் நுழைவார்கள். இதை வித்வானிடம் மரியாதையாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இனித் தாள் வேலை. தந்தி வாத்தியக்காரர் இருவருக்கு ஒரு ஸ்டாண்ட். முதல் வயலின் 10, இரண்டாம் வயலின் 8, வயோலா 6, செல்லோ 5, பாஸ் 3 என்றால் 5, 4, 3, 3, 2 ஆக இசைத்தாள் 17 படி. மரக் காற்று வாத்தியம் 8, ஹார்ன் 4, டிரம்பெட் 2, டிராம்போன் 3, டிம்பனி 1, தாளக் கருவி 1 என்றால் ஆளுக்கொன்றாக 19. மொத்தம் 36. ஏ4 தாள் சிறியது. ஏ3 தாளை நடுவே மடித்து, பளபளப்பில்லாத, சற்றே தடித்த காகிதத்தில் அச்சிடுங்கள். பக்கம் புரட்டும் இடத்தில் மௌனம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பார் எண், பல்லவி, அனுபல்லவி, சரணத்தின் தலையில் பெரிய எழுத்து. பி ஃப்ளாட் க்ளாரினெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் மேலே, எஃப் ஹார்னுக்கு ஐந்தாம் ஸ்வரம் மேலே எழுதவேண்டும். கையால் எழுதுகிறவர்கள் ஹார்னில்தான் தவறுவார்கள். வயோலாவுக்கு ஆல்டோ க்ளெஃப் என்ற தொடக்கக் குறி.

ஆறு வாரம் முன்பே எல்லாம் இசைக்குழு நூலகரிடம் போய்ச் சேரட்டும். முதல் வயலின் தலைவர் வில்லின் ஏற்ற இறக்கத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுப்பார். அதை மற்ற தந்திப் படிகளுக்கு மாற்ற நேரம் வேண்டும். கூடவே, பாடகர் அதே சுருதியில் பாடித் தாளம் போட்டு எண்ணும் ஒலிப்பதிவு ஒன்றை அனுப்புங்கள். ஏழு நிமிடப் பாட்டுக்கு ஒத்திகையில் அரை மணிக்கு மேல் கிடைத்தால் அதிர்ஷ்டம். கண்டக்டர், பாடகர், மிருதங்கம், ஒரு பியானோ என்று முன்னதாகத் தனியே அமர்ந்துவிட்டால் அந்த அரை மணி போதும்.

உரிமை விஷயம் சுருக்கமாக: தென்னாப்பிரிக்கச் சட்டப்படி இசையமைப்பாளர் மறைந்து 50 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. சினிமாப் பாட்டு என்றால் மேடை உரிமத்துக்கு சாம்ரோ (தென்னாப்பிரிக்க இசை உரிமை அமைப்பு), குழுவுக்காக மாற்றி எழுத உரிமையாளரின் தனி அனுமதி, இரண்டும் தேவை.

மேடையில் பாடகர் தரையில் உட்கார்ந்தால் கண்டக்டரின் கோல் தெரியாது. கண்டக்டருக்கு இடப்புறம் 40 செ.மீ. உயரத்தில், 2 மீட்டருக்கு 2½ மீட்டர் அளவில் ஒரு மேடை கேளுங்கள். மிருதங்கம் வழக்கம்போல் பாடகரின் வலப்புறம் இருக்கட்டும்: வலந்தலை (மிருதங்கத்தின் வலது முகம்) சபையை நோக்கும், வித்வானின் கண் பாடகரைத் தாண்டி நேரே கண்டக்டரின் கையில் விழும். பழைய முறை இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

டர்பன் கோடை ஈரக் காற்றில் தோல் தளரும். மேடை விளக்கின் சூட்டில் இறுகி ஏறும். மிருதங்கம் ஒரு மணி நேரம் முன்பே விளக்கின் கீழ் மேடையில் இருக்கட்டும். சுருதி சேர்க்கும் கல்லும் மரக்கட்டையும் கைவசம் வேண்டும். தொப்பிக்கு (இடது முகத்துக்கு) ரவை பிசைவது ஒப்பனை அறையில். மேடையில் கீழே ஒரு துணி விரியுங்கள், ஈர ரவை சிந்தினால் செல்லோவின் முனை வழுக்கும்.

கச்சேரி முடிந்ததும் 36 படிகளையும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். பென்சில் குறிகளை அழிக்க வேண்டாம். பாடகரின் மூச்சு, கண்டக்டர் பிரித்த கணக்கு, வில்லின் போக்கு எல்லாம் அதில் பதிந்திருக்கும். அடுத்த முறை கேப் டவுனிலோ ஜோகன்னஸ்பர்கிலோ வேறு குழு வாசித்தாலும் முதல் ஒத்திகையிலேயே பாட்டு முழுதாக ஓடும்.